அழிக்கக் கூடாத கரும்பலகை

இன்று காலை என் மகள் சரசுவை மூன்றாம் வகுப்பில் சேர்க்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் முனிசிபல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"இந்த ஊர்லயே நம்ம பள்ளிக்கூடந்தான் முதல் தரம். இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாவ," என்றார் தலைமையாசிரியர். அத்தாட்சியைக் காட்ட வகுப்புக்கே கூட்டிப்போனார்.

கரும்பலகையில் ஒரு பெருக்கல் கணக்கு. அதன் கீழே இன்ஸ்பெக்டர் தம் கையாலேயே 'நன்று' என்று எழுதியிருந்தார். அழிந்துவிடக் கூடாதென்று மேலே துணித்திரை வேறு.

"எப்ப வந்தாவ?" என்று கேட்டேன்.

"போன கார்த்திகையில."

இது ஆனி மாதம்.

"அப்ப பாடத்த எதுல எழுதிப் போடுதிய?"

"வாயால சொன்னாப் போதும். எங்க பிள்ளைக அம்புட்டும் கெட்டிக்காரப் பிள்ளைக."

கெட்டிக்காரப் பிள்ளைகளில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரசு திரையைத் தூக்கிப் பார்த்தாள். "அப்பா, நாப்பத்தெட்ட ஆறால பெருக்குனா எரநூத்தி எம்பத்தெட்டுல்லா? இங்க எரநூத்தி தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்கே!"

தலைமையாசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்ஸ்பெக்டர் நன்றுன்னு எழுதுன பொறவு அதுல தப்பு ஏது? பிள்ளைக்கு இந்தப் பழக்கம் ஆகாது. எங்ககிட்ட விடுங்க, ஆறே மாசத்துல மாத்திப்புடுதோம்."

மாற்றிவிடுவார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராஜபாளையத்து வாசகர்களே, உங்கள் ஊரிலாவது கரும்பலகையை அழித்து எழுதுகிற பள்ளிக்கூடம் உண்டா? வீடு வீடாகச் சுற்றிவரும் நம் கையெழுத்துப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வரும்போது இதன் கீழேயே பதில் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் நான் எழுதியதைத் தாராளமாக அழித்துக்கொள்ளலாம். இதில் யாரும் 'நன்று' போடவில்லை.