மொட்டைத்தலையரும் என் மோர்மிளகாயும்

போன தை மாதம் நடந்தது இது. ஜேர்மனியின் எசன் நகரில் நாங்கள் இருக்கும் வீதியில் சூரியனைக் கண்டு பல கிழமைகள் ஆகியிருந்தன. இருட்டில் வேலைக்குப் போய், இருட்டில் வீடு திரும்பி, நானும் கணவரும் காரணமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம். அதைப் பார்த்துச் சலித்த பிள்ளைகள்தான் லன்சரோட்டே என்ற எரிமலைத் தீவுக்கு எங்களை ஒரு கிழமை அனுப்பிவைத்தார்கள். ஊரையும் லண்டனில் தங்கை வீட்டையும் விட்டால் நாங்கள் வேறெங்கும் போய் அறியாதவர்கள். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத இடத்துக்கு எதற்குப் போவது என்று விமானம் ஏறும்வரை கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இறங்கியதும் கேள்வி நின்றுவிட்டது. கறுத்த மண், கறுத்த கல், அதன்மேல் பளீரென்ற வெயில், விடாமல் வீசும் காய்ந்த காற்று. மற்றவர்கள் விடியமுன்னமே நீச்சல்குளத்தடிக் கதிரைகளில் துவாயைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தார்கள். எனக்கோ மனம் அடித்துக்கொண்டது. இப்படியொரு வெயிலை வீணாக விடலாமா? கடைக்குப் போய்ப் பச்சைமிளகாயும் தயிரும் வாங்கி வந்தேன். மிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் ஊறவைத்து, மறுநாள் பல்கனியில் ஒரு பெரிய தட்டில் பரப்பிவிட்டேன்.

"உமக்கென்ன விசரே? வெயில் காயக் கூட்டிக்கொண்டு வந்தால், இருந்து மிளகாய் காயப் போடுறீர்!" என்றார் கணவர். ஆனால் பின்னேரம் அவற்றைத் திருப்பிப் போட்டது அவர்தான்.

எங்கே வைத்துப் பொரிக்கப் போகிறேன் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. எசனில் நாங்கள் குடிவந்த புதிதில், மேல்மாடிப் பெண்மணி படிக்கட்டில் என்னை மறித்து, என் சமையல் மணம் தாங்க முடியவில்லை என்று முகத்தைச் சுளித்தார். அன்றிலிருந்து குசினி ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தாளிப்பேன். அவருடைய கார் வெளியே போன பிறகுதான் மீன் பொரிப்பேன். மோர்மிளகாயை அடியோடு விட்டுவிட்டேன். அதன் நெடிக்கு முன்னால் சாத்திய ஜன்னல் எம்மட்டு!

தீவிலும் அடுத்த பல்கனியில் ஒரு ஜேர்மன்காரர் இருந்தார். ஆள் மலை மாதிரி. தலை வழுவழுவென்று மொட்டை. சிரிப்பென்பது மருந்துக்கும் இல்லை. காலையில் கோப்பிக் கோப்பையுடன் வந்து நின்று என் மிளகாயையே முறைத்துப் பார்ப்பார். ஒருநாள், "இது என்ன?" என்று வெடுக்கென்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். முறைப்பாடு வரப்போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் எரிமலை பார்க்கப் பஸ்ஸில் போனோம். வழிகாட்டி ஒரு குழிக்குள் வாளித் தண்ணீரை ஊற்ற, அது ஆவியாகச் சீறிக்கொண்டு மேலே பாய்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடுதிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, மழை வரப்போகுது. என்ர மிளகாய்!"

"எரிமலைக்கு மேல நிண்டுகொண்டு மிளகாயைப் பற்றிக் கதைக்கிற ஒரே ஆள் நீர்தான்," என்றார் அவர்.

திரும்பி வந்தபோது பல்கனி நனைந்து கிடந்தது. தட்டைக் காணவில்லை. அந்த மனிதர் விடுதிக்காரரிடம் சொல்லி எறிவித்துவிட்டார் என்றே நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்த இடத்திலுமா என்று அழுகையே வந்துவிட்டது. அப்போது பக்கத்து அறையிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியின் சத்தம் கேட்டது. கணவர் காதைத் தீட்டினார்.

"அந்தாளுக்குத் தலையில ஒண்டும் இல்லையே!"

போய்க் கதவைத் தட்டினோம். கட்டிலில் வெள்ளைத் துவாயை விரித்து, என் மிளகாய்களை வரிசை பிசகாமல் அடுக்கி, ஒவ்வொன்றாகக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார் மனிதர். மழை தூறியதும் அறை கூட்டும் தும்புத்தடியை நீட்டித் தட்டை இழுத்தெடுத்தாராம். ஒரு மிளகாய் மட்டும் கீழே விழுந்துவிட்டதாம். அதற்கு மன்னிப்பும் கேட்டார்!

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. இரவு சாப்பிட வரும்படி அழைத்தேன். எங்கள் அறையின் சின்ன அடுப்பில் சோறு வைத்துவிட்டு, மிளகாய் பொரிக்குமுன் பழக்கதோஷத்தில் பல்கனிக் கதவைச் சாத்தப் போனேன். "ஏன் சாத்துகிறீர்கள்? நல்ல மணம்தானே?" என்று அவர் எழுந்து அதை அகலத் திறந்துவிட்டார். நெடி நீச்சல்குளம்வரை போனது. இரண்டு பேர் தும்மினார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. தயிர்ச்சோற்றுடன் ஒரு மிளகாயைக் கடித்தவர் முகம் சிவந்து, மூக்கைச் சிந்தி, ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்து, இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

மிச்ச மிளகாயை எசனுக்குக் கொண்டுவந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி கொட்ட, குசினி ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரித்தேன். மேல்மாடிப் பெண்மணி படிக்கட்டில் மூக்கைச் சுருக்கினார். "மோர்மிளகாய். இரண்டு தரட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார். போகட்டும். இத்தனை வருடமாக என் சமையலுக்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாழ்ந்த நான், ஒரு மொட்டைத்தலையர் என் மிளகாய்க்காக முடி உலர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ட நாளோடு அதை நிறுத்திவிட்டேன்.