சீட்டுக்கடியில் ஒரு சுவிட்ச்

ஒரு பௌர்ணமியன்று ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, எவனோ ஒருவன் என் பழைய காரில் சுற்றினான். பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, அடி அண்ணாமலையில் ஒரு கடை வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தான். கார் கிடைத்துவிட்டதே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கால் முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கும் என் மனைவி, வாரம் மூன்று நாள் வேங்கிக்காலில் இருக்கும் பிசியோதெரபி சென்டருக்குப் போக வேண்டும். ஆட்டோவில் அவளால் ஏற முடியாது. கார் போனால் அவள் நடையும் போச்சு.

கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்சைச் சேர்த்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

"இத ஆஃப் பண்ணிட்டா, சாவி இருந்தாலும் ரெண்டு செகண்ட் உறுமிட்டு நின்னுடும் சார். யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்கு வாய் ஜாஸ்தி."

சொல்லவில்லை. என் ஆயுளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அது.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், பிசியோதெரபி வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டினார். "சாவி குடுத்துட்டுப் போங்க சார். வண்டிய நவுத்த வேண்டி வரும்."

நவுத்து, பாக்கலாம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, சுவிட்சை அணைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

திரும்பி வந்தால் கார் இல்லை. மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றாள். நான் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"யோவ், திரும்பவும் தூக்கிட்டானுங்களா! நீ இன்னாய்யா பண்ணிட்டிருந்த?"

"ஏன் சார் கத்துறீங்க? அம்மா கொதிக்கிற சீட்டுல ஒக்காரக் கூடாதுன்னு அதோ, மரத்தடியில விட்டிருக்கேன்."

அவர் நல்ல மனிதராக இருந்தது என் கோபத்தை இன்னும் ஏற்றியது. "எப்படிய்யா எடுத்த?"

"உறுமிட்டு நின்னுடுச்சு. இன்னான்னு குனிஞ்சு பார்த்தேன். சீட்டுக்கடியில சந்தனம் குங்குமம் வச்சு ஒரு சுவிட்ச் இருந்துச்சு. போட்டேன், ஓடுச்சு."

காரில் ஏறியதும் மனைவியிடம் பாய்ந்தேன். "ஸ்டியரிங்குக்கு வை, டயருக்கு வை, யாரு வேணான்னா? ஒளிச்சு வச்ச சுவிட்சுக்கு எதுக்குடி பொட்டு?"

அவள் நிதானமாக என்னைப் பார்த்தாள். "இந்தக் கால வச்சுக்கிட்டு நான் சீட்டுக்கடியில குனிஞ்சேனா? பூஜையில தட்ட நான் புடிச்சேன். தலைய உள்ள விட்டது யாரு? 'இதுதான் முக்கியம்'னு அதுக்கு மட்டும் ரெண்டு பொட்டு வேற."

நான்தான். கோபத்தைக் கொட்ட வேறு ஆள் கிடைக்காமல் ஹாரனை அடித்தேன். காரை நேராக எலக்ட்ரீஷியனிடம் ஓட்டினேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசம்.

"வேற எடத்துக்கு மாத்துறேன். நீங்க போய் டீ சாப்ட்டு வாங்க சார். எங்க வச்சிருக்கேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."

"வண்டிய ஓட்டுறது நான்யா!"

"அதனாலதான் சார்."

இப்போது கார் பத்திரமாக இருக்கிறது. வாரம் மூன்று நாளும் தவறாமல் வேங்கிக்கால் போகிறோம். கிளம்பும்போது மட்டும் அவள், "அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம்தான் எனக்கு ஸ்டார்ட் செய்ய அனுமதி.