திங்கட்கிழமை இடியாப்பம்

அறுபதுகளில், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் இருந்த மசாலா மில் ஒன்றில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. கொஞ்சம் படிப்பு, காதில் ஒரு பென்சில், அளவில்லாத திமிர். இவைதாம் என் தகுதிகள்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "மாசக் கடைசிக்குள்ள மில்லுச் செலவக் குறைக்க வழி சொல்லு. இல்லன்னா உன்னைக் குறைச்சிடுவேன்."

எங்களிடம் இருந்தது ஒரே இயந்திரம். மிளகாய், அரிசி, மல்லி என்று ஆர்டர் வந்தபடி அரைப்போம். சரக்கு மாறும்போதெல்லாம் இரண்டு படி நொய்யரிசியை ஓட்டி இயந்திரத்தைச் சுத்தம் செய்வோம். அந்த நொய் குப்பைக்குப் போகும்.

இரண்டு நாள் மூளையைக் கசக்கி ஓர் அட்டவணை போட்டேன். திங்கள் அரிசி, அப்புறம் மல்லி, மஞ்சள், சனிக்கிழமை மிளகாய். வெளுப்பிலிருந்து காரத்துக்குப் போனால் நடுவில் சுத்தம் எதற்கு? மல்லித்தூளில் துளி அரிசி மாவு இருந்தால் யாருக்குத் தெரியும்?

மாவு சலிக்கும் அக்கா மட்டும் கேட்டார்: "சனிக்கிழமை மிளகாய். அதுக்கு அப்புறம்?"

"ஞாயிறு லீவுக்கா."

"மெஷினுக்குமா?"

"திங்கக்கிழமை புது வாரம் லா! படிச்சவன் போட்டது, விடுங்க."

திங்கள் அரைத்த இடியாப்ப மாவு லேசாகச் சிவந்திருந்தது. புது அரிசியின் நிறம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை, ஃபேரர் பார்க்கிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் தூக்குச்சட்டியோடு வந்தார். உள்ளே தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்ட இடியாப்பம்.

"தம்பி, என்ர மாமியாருக்கு விடியத் தொடங்கின விக்கல் இன்னும் நிக்கேல்லை. நீர் ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்."

சாப்பிட்டேன். கண்ணில் நீர் முட்டியது.

"என்ன, அழறியா?" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி, காரம்."

அவர் என் பென்சிலை உருவிக்கொண்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அக்காதான் குறுக்கே வந்தார்.

"முதலாளி, தம்பி போட்ட வரிசை நல்லதுதான். மிளகாய்க்கு அப்புறம் மட்டும் நொய்ய ஓட்டுவோம். அதையும் குப்பையில கொட்ட வேணாம். உளுந்து மாவு கலந்தா கார முறுக்கு மாவு. காரம்தான் ஏற்கெனவே இருக்கே!"

அந்த மாதமே குப்பைக்கு நொய் போவது நின்றது. முறுக்கு மாவு கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலாளி பென்சிலை அக்காவிடம் கொடுத்தார். என் வேலையும் தப்பியது, ஒரு நிபந்தனையோடு: திங்கள்தோறும் முதல் மாவில் அவித்த இடியாப்பத்தை நான் தின்று காட்டிய பிறகுதான் விற்பனை.

ஆறு வருடம் தின்றேன். காலைப் பசியாறச் சம்பளம் வாங்கிய கிராணி சிங்கப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.