பெட்டியில் இருந்த நாற்றம்

பேய் பிடித்துப் போனாள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். என் மருமகளைப் பேயும் பிடிக்கவில்லை, எவனும் இழுத்துக்கொண்டும் போகவில்லை.

பழரசக் கம்பெனியில் அவளுக்கு முகர்ந்து பார்க்கிற வேலை. கடைகளிலிருந்தும் பழத்தோட்டங்களிலிருந்தும் திரும்பி வரும் காலி பாட்டில்களைக் கழுவி மறுபடி நிரப்புவார்கள். வேறு வாடை அடித்தால் அந்தப் பாட்டிலை இவள் உடைத்துவிட வேண்டும். ஒருமுறை மூக்கடைப்போடு வேலைக்குப் போய்விட்டாள். மூக்கு திறந்ததும் பார்த்தால், தோட்டத்துப் பெட்டி ஒன்றில் பூச்சிமருந்து நாற்றம். அதிலிருந்த பாட்டில்களோ நிரம்பிக் கடைக்குப் போய்விட்டன.

"கழுவினதுல போயிருக்கும்மா, சும்மா கிளப்பாதே" என்றார் மேனேஜர்.

யாருக்கும் ஏதும் ஆனதாகச் சேதி வரவில்லை. அந்தச் சேதி வராததுதான் அவளைத் தின்றது. வீட்டில் டம்ளர், பால்புட்டி, என் தலையணை என்று எல்லாவற்றையும் முகர்ந்தாள்.

"உங்களுக்கு நாறலையா அத்தை?"

"உன் மூக்குக்குத்தானேடி சம்பளம் குடுக்கறான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டை விட்டுப் போன அன்று காலையில் செருப்பை மாட்டினாள். "தோட்டத்துக்காரங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன், நம்ம பாட்டில்ல மருந்து ஊத்தாதீங்கன்னு. அப்புறம் கடைகடையாத் தேடணும்."

தண்ணீர் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். குடிக்காமல் வைத்துவிட்டு வாசலைத் தாண்டினாள்.