மேலே இருந்த மூன்று வரிகள்

விசாலத்துக்குப் புத்தி பேதலிக்கவில்லை. செயலாளர் அவர்களே, இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை பால் ஊற்ற வந்தவர், "அம்மே, கிரகத்து மாமி மரிச்சு" என்றார். மட்டாஞ்சேரியில் அவளுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது. ஞாயிறன்று நம் தமிழ்ச் சங்கத்தின் இரங்கல் கூட்டத்திலும், வேறோர் உலகத்தில் வாழ்ந்தவர் என்று பெருந்தன்மையோடு சொன்னார்கள். அவள் வாழ்ந்தது இதே ஊரில், முழு நினைவோடு.

மிளகு வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் கடிதம் எழுதுவது அவள் வேலை. வானத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். பத்து வருடங்களுக்கு முன் நம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்தாள். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு கிரகத்தைப் பற்றியது அது. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தன் சூரியனுக்கு அந்தக் கிரகம் ஒரே முகத்தைக் காட்டுகிறது. ஒரு பாதி கொதிக்கும். மறு பாதி உறைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவே வளையமாக ஓடும் நிலத்தில்தான் ஜனங்கள். அங்கே எப்போதும் சாயங்காலம். குளிர்காற்று ஒரு பக்கத்திலிருந்தே வீசுவதால் எல்லா வீட்டுக்கும் வாசல் ஒரே திசையில். அங்கே யாரும் யாரையும் 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்ப முடியாது என்று முடித்திருந்தாள்.

நம் உறுப்பினர்கள் எதை எழுதிக் கொடுத்தாலும் தாளின் மேலே செயலாளருக்கு மூன்று வரி உபசாரம் எழுதுவது வழக்கம். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவருக்குத் தமிழ் எழுத்து தெரியும், பொருள் தெரியாது. மேலே உள்ள மூன்று வரிகளை விட்டுவிடும்படி அவருக்குச் சொல்லியிருந்தது. சொன்னவர் அன்று செயலாளராக இருந்த என் கணவர். அதை நான் மறைக்கப் போவதில்லை.

விசாலம் உபசாரம் எழுதுகிறவள் அல்ல. அவளுடைய முதல் மூன்று வரிகள் இவை:

"இப்படி ஒரு கிரகத்தை யாரும் பார்த்ததில்லை.
நானும் பார்த்ததில்லை.
இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதுகிறேன்."

இவை இல்லாமல் மலர் வந்தது. கேலியும் வந்தது. காய்கறிக் கடைக்காரர் மரவள்ளிக்கிழங்கை எடைபோட்டபடி, "சேச்சி, உங்க கிரகத்துல கப்பை கிட்டுமா?" என்று கேட்டார். "கிட்டும். பாதி வெந்திருக்கும், பாதி வெந்திருக்காது" என்றாள் அவள். கேலியை அவளால் தாங்க முடிந்தது. ஆனால் பதினைந்து வருடம் அவள் திறந்து மூடிய நம் வாசகசாலையின் சாவியை, இப்படியெல்லாம் எழுதுகிறவரிடம் இருக்க வேண்டாம் என்று செயற்குழு திரும்ப வாங்கியது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குழுவில் நானும் இருந்தேன். மூன்று வரி விடுபட்டது தெரிந்தும், என் கணவரின் தவறு வெளியே வரக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை.

திருத்தம் போடச் சொல்லி அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அதொண்ணும் பெரிய காரியமில்லே விசாலம், அடுத்த மலர்ல பாக்கலாம்" என்றார் என் கணவர். அவருக்குப் பின் வந்த செயலாளர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு மலரையும் அவள் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தாள்.

போன ஓணத்துக்கு முன் ஒரு நாள் கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். எதை எழுதினாலும் கார்பன் வைத்து எழுதுவது அவள் அலுவலகப் பழக்கம்; அது அந்தக் கட்டுரையின் நகல். "நீ கான்வென்டுல படிச்சவ, கடுதாசைப் பத்திரமா வெச்சிருப்பே. பாத்தேன்னு நான் எங்கேயாவது எழுதியிருக்கேனாடி? வாசிச்சுச் சொல்லு" என்றாள். அவள் முன்னாலேயே வாசித்தேன். பத்து வருடம் கழித்து.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள் ஒன்றுதான். மேலே மூன்று வரிகளும் நீலக் கார்பன் எழுத்தில் தெளிவாக இருக்கின்றன. செயலாளர் அவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். தாளை வெளியே தர மாட்டேன்.

வரும் மலரில் கட்டுரையை இந்த மூன்று வரிகளோடு, அவள் பெயரில் மறுபடி வெளியிடுவீர்களா, மாட்டீர்களா? வழியில் பார்க்கும்போது சொல்ல வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.