மொஸ்பாஹ் வீட்டுச் சோள அப்பம்

கைரவானிலிருந்து சூஸாவுக்கு லுவாஜ் என்கிற வாடகை வேன் ஓட்டுகிற எங்களில் மொஸ்பாஹைப் போலச் சாப்பிடுகிறவன் ஒருவனும் இல்லை. எல்லா இருக்கையும் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். அதுவரை நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டால் அவன் இரண்டு கிண்ணம் சாப்பிடுவான். ஆனாலும் ஆள் ஒட்டடைக்குச்சி.

"டேய், தின்ன ரொட்டியெல்லாம் எங்கடா போவுது? வண்டி டேங்க்ல ஊத்துறியா?" என்று நான் கேட்காத நாள் இல்லை. அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு அவசரமாகக் கழிப்பறைப் பக்கம் நடப்பான். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு கோடையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவனுக்குக் கண் இருட்டியது. நல்லவேளை, வண்டி நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. சூஸாவில் ஒரு மருத்துவர் ரத்தம் எடுத்தார், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். கோதுமையும் பார்லியும் இந்த உடம்புக்கு ஆகாது, ஒரு துணுக்குகூட உள்ளே போகக் கூடாது, ஆயுசு முழுக்க இப்படித்தான் என்றார். பிள்ளைகளையும் பரிசோதித்துவிடுவது நல்லது என்றார்.

எங்கள் ஊரில் ரொட்டி இல்லாமல் எதைத்தான் சாப்பிடுவது? அதிலும் அவன் மனைவி மப்ரூகா ரொட்டி சுட்டு விற்பவள். முற்றத்தில் இடுப்பளவு மண் அடுப்பு இருந்தது. அதன் உள்சுவரில் மாவை அறைந்து ஒட்டுவாள். அந்த வாசனைக்கே தெருவில் பாதிப் பேர் காலையில் அவள் கதவுக்கு வந்துவிடுவார்கள். என் வீட்டுக்கும் அவள் ரொட்டிதான்.

மப்ரூகா அவனுக்குத் தனியாக ஒரு சிறிய சட்டி வாங்கினாள். தனித் தட்டு, தனிக் கரண்டி. அவளும் இரண்டு பிள்ளைகளும் நடுவில் இருக்கிற தட்டில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட, அவன் மேஜை ஓரத்தில் வெறும் சோறும் அவித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டான். ஒருநாள் என்னிடம் சொன்னான்: "ஒரே மேஜைதான் அண்ணே. ஆனா எவன் வீட்லயோ உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கு."

மகள் ரிஹாப் அப்போது பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அண்ணன் அனீஸ் கதவு நிலையைத் தொடுகிற உயரம். இவளோ வகுப்பிலேயே குள்ளம். முகம் வெளுத்திருக்கும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். ரொட்டியைப் பிய்த்து அவள் மேஜைக்கடியில் பூனைக்குப் போடுவதை மொஸ்பாஹ் பார்த்துவிட்டான். பரிசோதனை செய்துவிடலாம் என்று மப்ரூகாவிடம் சொன்னான்.

"பொம்பளப் புள்ளைக்கு நோய்னு நீயே ஊர் முழுக்கச் சொல்லிட்டு வா! அவளுக்கு ஒண்ணுமில்ல. நல்லாச் சாப்பிட்டா வளருவா" என்று மப்ரூகா பேச்சை முடித்துவிட்டாள்.

மொஸ்பாஹ் ஒரு காலை ரிஹாபை வண்டியின் முன் இருக்கையில் உட்காரவைத்துச் சூஸாவுக்குக் கூட்டிப் போனான். அவன் பயந்தது போலவே அவளுக்கும் அதே நோய் என்று முடிவு வந்தது. மப்ரூகா அவன் மேல் பாய்ந்தாள்.

"நல்லா இருந்த புள்ளைய வண்டியில ஏத்திட்டுப் போயி நோயோட கொண்டாந்து எறக்கியிருக்க!"

தன் ரத்தத்திலிருந்துதானே போயிருக்கிறது என்ற எண்ணம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. என்னிடமும் அதையே கேட்டான். "உன் மூக்கும்தான் அவளுக்கு வந்திருக்கு. அதுக்கு யாரு அழறா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நோய் என்று தெரிந்தபோது ரிஹாப் அழவில்லையாம். அம்மா கடையிலிருந்து இன்னொரு சிறிய சட்டியும் தட்டும் வாங்கி வந்தபோதுதான் அழுதாளாம். "எனக்கும் ஓரத்துலயா பாபா?" என்று அப்பாவிடம் கேட்டாளாம். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மொஸ்பாஹ் அடுக்களைக்குள் நுழைந்தான்.

குளிர்காலத்தில் எங்கள் வீடுகளில் காலையில் சோளக் கூழ் காய்ச்சுவோம். கோதுமையில் இருக்கிற அந்தப் பாழாய்ப்போன சத்து சோளத்தில் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படியானால் சோள மாவில் அப்பம் ஊற்றினால் என்ன என்பது அவன் யோசனை. ஒரு ஞாயிறன்று மாவுமில்லிலிருந்து வாங்கி வந்து ஊற்றினான். அப்பம் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டிச் சாப்பிட்ட தகப்பனுக்கும் மகளுக்கும் மாலையில் வயிற்று வலி. அதே மில்லில் கோதுமையும் அரைப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு சோளமும் அரிசியும் முழுதாக வாங்கி, கழுவி, மாடியில் காயவைத்து, புது மிக்ஸியில் தானே அரைத்தான்.

"வண்டி ஓட்டறவன் மாவு சலிக்கிறான். நாளைக்கு நான் போயி ஸ்டியரிங் புடிக்கவா?" என்று முற்றத்திலிருந்து மப்ரூகாவின் குரல் வரும். அவன் மாவும் முட்டையும் பாலும் கலந்து ஊற்றுவான். அப்பம் உடையும். இப்படியே சில ஞாயிறுகள்.

ஒரு ஞாயிறு அவளுக்குப் பொறுக்கவில்லை. முற்றத்து அடுப்பருகிலிருந்து எழுந்து நேராக உள்ளே வந்தாள். "இது என்ன, செவுத்துக்குப் பூசவா? தண்ணியாக் கரைக்கணும். ஊறவே விடல. தீயைக் கொற, மூடி போடு. இங்க குடு" என்று கரண்டிக்குக் கை நீட்டினாள். முழங்கை வரை கோதுமை மாவு.

மொஸ்பாஹ் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினான். "தொடாத! மொதல்ல கையைக் கழுவிட்டு வா."

அவன் கத்த நினைக்கவில்லை. ஆனால் கத்திவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்ட கை அது. மப்ரூகா தன் கையைப் பார்த்தாள். பிறகு ரிஹாபைப் பார்த்தாள். வெளியே போய் அடுப்பருகே உட்கார்ந்துவிட்டாள். ரொட்டி வாங்க வந்தவர்களை "இன்னிக்கு அவ்வளவுதான்" என்று அனீஸைவிட்டுச் சொல்லி அனுப்பினாள்.

மொஸ்பாஹ் கரைத்த மாவை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்துக் குழாய்ச் சத்தம் கேட்டது. மப்ரூகா தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றி, தலையில் வேறு துணி கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்ப தொடலாமா?" என்றாள். கேலியாகக் கேட்க நினைத்தவள்தான். ஆனால் இரண்டு கையையும் விரித்து அவன் முன் நீட்டினாள்.

அவன் கரண்டியைக் கொடுத்தான்.

அதற்குள் மாவு நன்றாக ஊறியிருந்தது. அவள் கொஞ்சம் பால் சேர்த்து, பேக்கிங் பவுடர் ஒரு சிட்டிகை போட்டு, ஆலிவ் எண்ணெய் தடவிய சட்டியில் ஊற்றி மூடினாள். திறந்தபோது மேலெல்லாம் கண் கண்ணாகத் துளை. தேனும் வெண்ணெயும் உருக்கி நடுவில் பெரிய தட்டில் வைத்தார்கள். அனீஸ் பழக்கத்தில் ரொட்டி கேட்டான்.

"ரொட்டி வேணும்னா மாமா வீட்டுக்குப் போ. இந்த மேஜையில இதுதான்" என்றாள் மப்ரூகா.

நால்வரும் ஒரே தட்டில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். ரிஹாப் எத்தனை சாப்பிட்டாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்ற பயம்.

அந்த மாதமே மப்ரூகா மண் அடுப்பை அடுத்த சந்தில் இருக்கிற தன் அண்ணன் வீட்டு முற்றத்துக்கு மாற்றிக்கொண்டாள். காற்றில் பறக்கிற மாவுகூட மகளுக்கு ஆகாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளாகவே யோசித்துச் செய்தது. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தோழி வீட்டுப் பிறந்தநாளில் ஒரு வாய் கேக் தின்றுவிட்டு ரிஹாப் நாள்கணக்கில் சுருண்டு கிடந்ததும் உண்டு. ஆனால் வளர்கிறாள். கன்னத்தில் நிறம் வந்திருக்கிறது. மொஸ்பாஹும் இப்போது நிலையத்தில் எங்களோடுதான் உட்காருகிறான், மடியில் அப்பம் வைத்த டப்பாவோடு.

போன வாரம் நான் ரொட்டி வாங்க அந்தச் சந்துக்குப் போனேன். மப்ரூகா அடுப்பருகே நின்றபடியே சூடான ரொட்டித் துண்டை எண்ணெயில் தோய்த்து மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்ல ரொட்டி வாசனையே இல்லாமப் போச்சு அண்ணே" என்றாள். "நான் இங்க ரொட்டி திங்கிறேன்னு அங்க போயி சொல்லிடாதீங்க."

"சொல்ல என்னம்மா இருக்கு, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் மிச்சத் துண்டை மெதுவாகச் சாப்பிட்டு முடித்து, குழாயடிக்குப் போனாள்.