ஏழு நாள் வெந்த மாவைப் பார்க்க எரியோட்டிலிருந்து போனேன்

என் பேத்தி கௌசல்யா திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஏழு நாள் வேகவைத்த கலத்தைத் திறக்கப்போகிறேன், வாங்க என்று கூப்பிட்டாள். இந்தப் புதன்கிழமை போய்வந்தேன். பிள்ளைகளின் ஆய்வகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எரியோட்டில் காலை ஏழேகாலுக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எட்டரைக்குத் திண்டுக்கல். அங்கிருந்து நாகல் நகர் தாண்டிக் கல்லூரிக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"யாருக்கும்மா அட்மிஷன்?" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்குத்தேன்."

"அப்ப ஸ்டூடண்ட்டு. பத்து ரூவா கம்மியாக் குடுங்க."

கலம் எஃகு, சின்னத் தூக்குச்சட்டி அளவுதான். உள்ளே வெள்ளை மாவு. கண்ணுக்குத் தெரியாத தாள்கள் அதில் அடுக்கடுக்காக இருக்குமாம், தாளெல்லாம் ஓட்டையாம். ஈரம் காயும்முன் சோப்பு மாதிரியான ஒரு மருந்தில் ஊறப்போட்டால் தாள்கள் விலகும். நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டால், தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுநீரில் உள்ள குரோமிய நஞ்சை அந்த மாவு பிடிக்கும் என்று நம்புகிறாள். ஏற்கெனவே இரண்டு முறை தாள்கள் விலகவில்லை. இதுவும் ஆகாவிட்டால் தலைப்பையே மாற்று என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். இரண்டு வருட உழைப்பு.

மாவைக் கழுவி வடிகட்டி, தட்டில் மூடி வைத்துவிட்டு மருந்து வாங்க ஸ்டோருக்குப் போனாள். திரும்ப முக்கால் மணி நேரமானது. வடகம் போட்ட கை சும்மா இருக்குமா? ஈர மாவு புளித்துவிடும் என்று ஜன்னல் வெயிலில் வைத்து, கரண்டியால் பரப்பியும் விட்டேன்.

வந்தவள் தட்டையே பார்த்தாள்.

"என்னாத்தா?" என்றேன்.

"காஞ்சா தாளெல்லாம் ஒட்டிக்கிரும் அம்மாச்சி. இனி மருந்து உள்ள போகாது."

அவ்வளவுதான் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

பேராசிரியர் வந்தார். "என்னம்மா, மறுபடியும் போச்சா?"

"நான்தான் சார் காய விட்டுட்டேன்" என்றாள் கௌசல்யா.

அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து நின்றேன். "அவ மூடித்தேன் வச்சிட்டுப் போனா அய்யா. வெயில்ல வச்சது நான். அவ பேருல எழுதிராதீங்க."

அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு அவளிடம், "அப்ப உன் முறை தப்புன்னு இன்னும் தெரியல. இன்னொரு தடவை போடு. தலைப்பை அப்புறம் பேசுவோம்" என்றார்.

மூன்று மணிக்கு அடுத்த கலம் அடுப்புக்குள் போனது. நான் நான்கு மணி பஸ்ஸில் திரும்பினேன்.

போகிறவர்கள் காலை மூடும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பிட விடமாட்டார்கள். வெளியே மரத்தடி உண்டு. எதையும் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் நமக்குத் தெரிந்த வேலை அங்கே வேறு வேலை.

அடுத்த புதன் மறுபடியும் திறக்கிறாள். நான் வரவா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"வாங்க அம்மாச்சி. மருந்த முந்துன நாளே வாங்கி வச்சிர்றேன்," என்றாள்.